சோற்றுப்பானைக் கிரகம்

திருடப் போகிற இடத்துக்குக் கறுப்பு அங்கியும் மொட்டைத் தலையுமாக வந்து நின்றார் தோகுனாகா.

"ஏன்டா, சாமியார் வேஷத்துலயா திருட வருவே?" என்று பல்லைக் கடித்தார் குராமோச்சி.

"வேஷமா? தொழில்டா! ஒரு வீட்டுல திவசத்த முடிச்சுட்டு நேரா வரேன். மாத்திக்க எங்க நேரம்?"

இருவருக்கும் எழுபது தாண்டியாயிற்று. ஒசாகாவின் அந்தச் சந்தில் மதிய வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எதிரே மினேகோவின் பொதுக் குளியல்கூடம். மாலையில்தான் திறப்பாள். புதன்கிழமை மதியம் என்றால் தலைமுடியைச் சுருட்டிக்கொள்ளப் போய்விடுவாள்.

கல்லூரி நாளில் மூன்று பேரும் சேர்ந்து எடுத்த குறும்படம்தான் 'சோற்றுப்பானைக் கிரகம்'. விண்ணிலிருந்து இறங்கிய ராட்சத ரைஸ் குக்கர் ஒன்று ஒசாகாவையே அவித்துத் தின்னுகிற கதை. குக்கருக்குள் புகுந்து நடித்தவர் தோகுனாகா. புழுக்கம் தாங்காமல் அடிக்கடி மயங்கி விழுந்ததும் அவர்தான். இயக்குநர் குராமோச்சி என்பது உலகறிந்த விஷயம்.

பின்னொரு நாள் படத்தைச் சுவரில் ஓட்டியபோது தோகுனாகா அதை வீடியோவில் பிடித்தார். முடிவதற்குள் கேசட் தீர்ந்துவிட்டது. அந்த மங்கல் கேசட்தான் நகலுக்கு நகலாக உலகத்தைச் சுற்றி வந்தது. பிரேசிலில் ரசிகர் மன்றமே இருக்கிறது. வருஷா வருஷம் தலையில் குக்கரைக் கவிழ்த்துக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள்.

இப்போது டோக்கியோ கம்பெனி ஒன்று அதை டிஸ்க்காக வெளியிட முன்வந்திருக்கிறது. ஒரே நிபந்தனை: அசல் படச்சுருள் வேண்டும். அழுக்கு நீக்கிப் பளிச்சென்று ஆக்கித் தருவார்களாம்.

சுருள் இருப்பது மினேகோவிடம்.

பயற்றுப் பூரணம் வைத்த பலகாரப் பெட்டியோடு போய்க் கெஞ்சிப் பார்த்தார் குராமோச்சி. பலகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மினேகோ சொன்னாள்: "முதல்ல அது யாரோட படம்னு யோசிச்சுட்டு வா."

"என்னடா சொல்றா?" என்று கேட்டார் தோகுனாகா.

"ஃபிலிம் அவ வாங்கிக் குடுத்தது. அதைத்தான் குத்திக் காட்டுறா. விடு, தூக்கிடுவோம்."

பின்கதவைத் தள்ளினார்கள். திறந்துகொண்டது.

"பூட்டக்கூட இல்ல பாரு! இவளெல்லாம் ஒரு முதலாளி!" என்று சிரித்தார் குராமோச்சி.

கொதிகலன் அறையைத் தாண்டினால் குளியல்கூடம். அதற்கப்பால் அலுவல் அறை. மஞ்சள் வாளிகளை அடுக்கியிருந்த அலமாரி உச்சியில், பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது சுருள். கையில் எடுத்ததும் குராமோச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. தோகுனாகாவுக்கும்தான். திரும்பி வரும்போது ஒரு சோப்புத் துண்டில் வழுக்கி, அங்கியோடு 'தொபுக்'கென்று தொட்டிக்குள் போனார்.

"எழுந்திருடா!"

"இருடா, வெதுவெதுன்னு நல்லா இருக்கு!"

சொட்டச் சொட்ட நனைந்த சாமியாரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார் குராமோச்சி. பத்து வயசுப் பையன்கள் போலச் சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது. போகிற வழியிலேயே சுருளைப் பார்சல் கட்டி டோக்கியோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வெளியீட்டு நாள். நிப்பொம்பாஷிக் கடைத்தெருவில் ஒரு டிஸ்க் கடையின் மேல்மாடி. எங்கே பார்த்தாலும் குக்கர் தொப்பிகள். பட்டுக் கழுத்துப்பட்டியோடு மேடையேறிய குராமோச்சி, தான் இயக்கிய அழகை விளக்கத் தொடங்கினார். "கேமராவை நான் தரையோடு தரையா வெச்சேன் பாருங்க..."

கதவு திறந்தது. புதுச் சுருள்முடியோடு மினேகோ உள்ளே வந்தாள். கூடவே சீருடையில் பேட்டைப் போலீஸ்காரர்.

குராமோச்சி பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு மேடையோரம் போய் உட்கார்ந்தார். அந்த இருவரும் நேராக முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. குக்கர் விசிலடித்தபோது கூட்டம் நாற்காலியில் குதித்தது. மேடையோரம் உட்கார்ந்திருந்த குராமோச்சி திரைப்பக்கமே திரும்பவில்லை. போலீஸ்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் சிரித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தது. படம் முடிந்ததும் சட்டென்று இறுகியது.

விளக்கு எரிந்தது. போலீஸ்காரர் எழுந்து குராமோச்சியை நோக்கி வந்தார். தோகுனாகா கண்ணை மூடிப் புத்தர் பெயரை ஜபிக்க ஆரம்பித்துவிட்டார்.

"குராமோச்சி ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்..."

"எதையும் கேக்க வேணாம்!" இரண்டு கைகளையும் நீட்டிக் கத்தினார் குராமோச்சி. "திருடினது நான்தான்! சாமியாருக்கு இதுல சம்பந்தமே இல்ல!"



"தெரியுதுங்க. இப்பத்தானே எல்லாரும் பார்த்தோம்" என்றார் போலீஸ்காரர். "நான் கேட்க வந்தது பேனா. இருந்தா குடுங்க, மினேகோ அம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கிறேன்."

முன்வரிசையில் மினேகோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்பாடா! பின்கதவை எத்தனை வாரம்தான் திறந்து போட்டுட்டுப் போறது? நான் குடுத்தா உனக்குச் சந்தேகம் வரும். நீயே தூக்கிட்டுப் போனாத்தான் சரி."

அப்போதுதான் குராமோச்சி திரும்பித் திரையைப் பார்த்தார். கேசட்டில் வராமலே போன கடைசி டைட்டில், கழுவித் துடைத்த மாதிரிப் பளிச்சென்று நின்றிருந்தது: 'கதை, இயக்கம்: மினேகோ. தேநீர் உதவி: குராமோச்சி.'

இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி, அது தன் படம் இல்லை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.