பின்வரிசை அலை

திரை விலகச் சில நிமிடங்களே இருந்தன. யதுர்ஷா திரையின் ஓரத்தை விரலால் விலக்கி அரங்கை எட்டிப் பார்த்தாள்.

ஒரு கல்யாண வீடே எழுந்து வந்திருந்தது.

தூரத்துப் பேர்கன் நகரிலிருந்து சித்தி குடும்பம். திராமனிலிருந்து மாமா, மாமி, அவர்களுடைய குஞ்சுகுருமான்கள். பியோர்ண்டாலில் அவர்கள் வீட்டுக்கு மேலும் கீழுமாகக் குடியிருக்கும் பாதிச் சனம். ஓஸ்லோவில் இருந்த பட்டுச்சேலைகள் எல்லாம் இங்கேதான் என்று தோன்றியது. அப்பா இப்போதே போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அம்மா, மாம்பழ நிறச் சேலையில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அத்தனை பேரும் வந்திருப்பது யதுர்ஷா பறவையாக ஆடுவதைப் பார்க்க.

அவள் பறவை இல்லை. அலை. அதுவும் பின்வரிசை அலை.

பாலே பள்ளியின் கோடைப் பருவம் மூச்சுவிட விடாது. காலையில் வகுப்பு, மதியம் ஒத்திகை, பிறகும் ஒத்திகை, இடையில் பரீட்சை. கால்விரல் எல்லாம் பிளாஸ்திரி. அத்தனை அமளியும் இந்த ஒரு மாலைக்காக. கடலைக் கடக்கும் ஒரு வெள்ளைப் பறவை, அதைச் சுற்றி அலைகள் என்று ஆசிரியை கரோலினா தானே அமைத்த நடனம் இது.

மார்ச்சில் பறவைக்கு யூலியா அல்லது யதுர்ஷா என்று கரோலினா சொல்லியிருந்தார். அன்றைக்கே யதுர்ஷா வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அதைக் கத்திச் சொன்னாள். இரண்டு கிழமை கழித்து யூலியாதான் பறவை என்றானது. அதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் கடந்துகொண்டே போனது.

மே மாதக் கடைசியில் ஒருநாள் அம்மா சமையலறையில் நின்று போனில் சித்தியோடு கதைப்பது கேட்டது. "ஓமோம், எங்கட பிள்ளை ஆடுறாள். ஒருத்தரையும் விடாமல் கூட்டிக்கொண்டு வா."

அதற்குப் பிறகு வாய் எழவே இல்லை. இன்றைக்கு இத்தனை பேருக்கு முன்னால் அம்மா தலைகுனியப் போகிறாள். எல்லாம் தன்னால்.

விளக்குகள் அணைந்தன. இசை தொடங்கியது.

வெள்ளையில் யூலியா மேடையின் நடுவே சுழன்றாள். அலைகள் இடப்பக்கமிருந்து ஓடி வந்தன. எல்லோருக்கும் ஒரே நீலம், ஒரே கொண்டை. யதுர்ஷா கடைசி. அவள் கால் மேடையில் பட்டதுதான் தாமதம்.

"யதூ!"

மாமாவின் குரல். அதன் பின்னால் கைதட்டல், சீழ்க்கை, குஞ்சுகுருமான்களின் கூச்சல். ஆட்டம் முடியும்வரை அடக்கமாக இருந்து பழகிய மற்றச் சனம் திடுக்கிட்டுத் திரும்பியது. யாரோ சிரித்தார்கள். அலைகள் மறுபடி வந்தபோது அரங்கின் பின்பக்கம் இருந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள். அதற்கடுத்த முறை முழு அரங்கும் தட்டியது. எதற்கென்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

மேடையின் ஓரத்தில், திரைமறைவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற யூலியா யதுர்ஷாவின் காதருகே குனிந்தாள். "பறவை நான்தானே? எனக்கும் கொஞ்சம் தட்டச் சொல்லேன்!"

யதுர்ஷாவுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்போடேயே மேடைக்குப் பாய்ந்தாள். பருவம் முழுக்கக் கரோலினா கெஞ்சியும் திட்டியும் தாவலில் வராத உயரம் அன்றைக்கு வந்தது. காற்றில் ஒரு கணம் கூடுதலாக நின்றது போலிருந்தது. கீழே இறங்க மனமே வரவில்லை.

கடைசியில் அலைகள் முன்னால் உருண்டு வந்து மேடை விளிம்பில் அடங்கின. யதுர்ஷா இடப்பக்க மூலையில் முழந்தாளிட்டு நிமிர்ந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் பட்டுச்சேலைகள். அப்பாவின் போன்கூட நடுவில் நின்ற பறவைப் பக்கம் திரும்பியிருந்தது.

அம்மா மட்டும் பறவையைப் பார்க்கவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி யதுர்ஷாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிகழ்ச்சி முடிந்து வெளிமண்டபத்துக்கு வந்தபோது சித்திதான் முதலில் பாய்ந்து கட்டிக்கொண்டாள்.

"வடிவா ஆடினாயடி! ஆனா அந்த வெள்ளைச் சட்டைப் பிள்ளை, எந்த நேரமும் நடுவிலை நிண்டு உன்னை மறைச்சுக்கொண்டெல்லோ நிண்டது!"

எல்லோரும் ஓமென்றார்கள். மாமிக்கு உண்மையாகவே கோபம்.

அம்மா சேலைத் தலைப்பால் மகளின் கழுத்து வியர்வையை ஒற்றினாள்.

"அம்மா, நான் உங்களிட்டை ஒண்டு..."

"முதல்ல தண்ணியைக் குடி."

அப்போது கரோலினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகம் சிவந்து, சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

"இடப்பக்க இருக்கைகள் வசதியாக இருந்தனவா? மகள் எந்தப் பக்கம் நிற்பாள் என்று ஏப்ரலில் போன் செய்து கேட்டீர்களே. பின்வரிசை அலை, இடப்பக்க ஓரம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவளை வேறு பக்கம் மாற்ற எனக்குத் துணிவே வரவில்லை!"

ஏப்ரலில்.

யதுர்ஷா திரும்பிப் பார்த்தாள். அம்மா அதற்குள் அந்தப் பக்கம் போய், சனத்தைப் படத்துக்கு வரிசையாக நிறுத்தத் தொடங்கியிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்கோ, தள்ளுங்கோ," என்றாள். "பிள்ளையை நடுவிலை விடுங்கோ."