கேட்கக் கூடாத தட்டல்

டொக்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு சூயூன் ஓடினாள்.

அந்த அறைக்கு இரட்டைக் கதவு. வெளிக்கதவைத் தோள் கொடுத்துத் தள்ளினாள். உள்கதவை இழுத்துத் திறந்தாள்.

சுவரெல்லாம் பஞ்சுக் கூம்புகள். எந்தச் சத்தத்தையும் திருப்பித் தராத அறை. நடுவில் ஒரு மரமேசை. அதன் அருகே, விரல்களை மடக்கிப் பிடித்தபடி ரூதிங் திகைத்து நின்றிருந்தாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. சோதனையில் சொன்னபடி மேசையைத் தட்டியிருக்கிறாள். அவ்வளவுதான்.

வெளியே ஜுன்ஹாவ் சிரித்துவிட்டான்.

மடிக்கணினிக்கு மைக் போர்டு வடிவமைக்கவும் சோதிக்கவும் கற்றுத்தரும் பயிற்சியின் கடைசி நாள் அது. மிஞ்சியிருந்தவர்கள் ரூதிங், ஜுன்ஹாவ் இருவர்தான். தான் செய்த போர்டை மேசைமேல் வைத்து, உள்ளே உட்கார்ந்து வாக்கியங்களை வாசிக்க வேண்டும். நடுநடுவே மேசையைத் தட்ட வேண்டும். வெளியே இருப்பவரின் ஹெட்போனில் வாசிப்பு கேட்கலாம். தட்டல் கேட்கக் கூடாது.

காலையில் ஜுன்ஹாவின் போர்டில் ஒரு தட்டலும் கேட்கவில்லை. அவனுக்கு வேலை உறுதி.

ரூதிங் தோற்றால் நாளைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான பிங்துங்குக்கு ரயில் ஏற வேண்டியதுதான். அப்பாவின் மீன்பண்ணைக் கடனுக்கு இந்த வேலையைத்தான் நம்பியிருந்தாள்.

“கேட்டுருச்சா அக்கா?”

சூயூனுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டுச்சு.”

சோதனைக் கருவிகள் அடம்பிடிக்காமல் இருக்க, அவற்றின்மேல் பச்சை நொறுக்குப் பொட்டலம் ஒன்று வைப்பது ஷின்ச்சூ நகரில் எல்லா ஆய்வகத்திலும் வழக்கம். ஜுன்ஹாவ் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். “தேதி முடிஞ்ச பொட்டலம். மிஷின் கோவிச்சுக்கிட்டு உன் குட்டை உடைச்சிருச்சு, ரூதிங்.”

ரூதிங் சிரிக்கவில்லை. இரைச்சல் வடிகட்டலை ரொம்ப இறுக்கினால், மெல்லப் பேசுகிறவர்களின் வார்த்தைகள் பாதியில் அறுந்துபோகின்றன. அதனால்தான் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன் என்றாள். சாயங்காலம் வரை நேரம் கொடுத்தால் இறுக்கிவிடுவதாகக் கெஞ்சினாள்.

பயிற்சியின் முதல் பாடமே இதுதான்: பேச்சு வந்தால் மனிதர், மற்றதெல்லாம் இரைச்சல். இந்தப் பயிற்சியை உருவாக்கிய வென்பின் சொல்லிவைத்துப் போனது. ஒவ்வொரு அணிக்கும் முதல் நாள் சூயூன் அதைத்தான் பலகையில் எழுதுகிறாள்.

கண் கலங்குவதைக் காட்டாமலிருக்க ரூதிங் தலையைக் குனிந்துகொண்டாள். பார்வை மேசைக் காலில் விழுந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வண்ணம் உதிர்ந்து, பிறை பிறையாகச் சிறு பள்ளங்கள். உட்கார்ந்து வாசிக்கும்போதே கேட்க நினைத்தாளாம், இவ்வளவு கீழே யார் வந்து அடித்தது என்று.

சூயூன் உள்ளே வந்து குனிந்து, ஒரு பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

பிறகு சொன்னாள்:

“போர்டுல எதையும் மாத்தாத. நான் கதவைச் சாத்துறேன். நீ கீழ உக்காந்து அந்தக் கால்லயே தட்டு. பேசாத. மெதுவாத் தட்டு, கை ஓய்ஞ்ச மாதிரி.”

இரண்டு கதவுகளும் மூடிக்கொண்டன. சூயூன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவில் உள்ளங்கையை வைத்தாள். கதவில் அதிர்வு எதுவும் தெரியவில்லை. அதில் என்றைக்கும் எதுவும் தெரிந்ததில்லை.

டொக்.

சற்று விட்டு, இன்னும் மெலிதாக.

டொக்.

ஜுன்ஹாவ் ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தட்டல் நின்ற பிறகும் அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை.

கடைசியில் பேனாவை எடுத்து ரூதிங்கின் பெயருக்கு எதிரே, தேறவில்லை என்று எழுதினாள். விதி அதுதான். வாங்குகிறவர்கள் காசு கொடுப்பது அமைதிக்கு. எழுதும்போது, கட்டைவிரலில் போட்டிருந்த தொளதொளத்த ஆண் மோதிரம் பேனாவில் இடித்தது. அதன் ஒரு பக்கம் நசுங்கித் தட்டையாகியிருந்தது.

ரூதிங் தன் போர்டைக் குப்பைத் தொட்டியில் போடப்போனாள். சூயூன் அதை வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இந்த அறையில் நூற்றுக்கு நூறு வாங்கிய போர்டு ஒன்றே ஒன்றுதான். ஜுன்ஹாவுடையதுகூட அதற்கு ஒரு படி கீழே. வென்பின் தன் கையால் செய்தது. அதைச் சோதிக்க அவனே உள்ளே போய் உட்கார்ந்தான். வெளியே ஹெட்போனோடு அவன் மனைவி இருந்தாள்.

பாதி வாக்கியத்தில் வாசிப்பு நின்றது. பிறகு துளி இரைச்சல் இல்லை. இவ்வளவு சுத்தமான அமைதியை சூயூன் அதற்கு முன் கேட்டதே இல்லை. தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நூறு என்று எழுதினாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, அவனுக்குப் பிடித்த சோயா முட்டையை மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்து முதலில் பேச்சு போயிருக்கும் என்றார், உடலைப் பரிசோதித்த மருத்துவர். கை இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்திருக்கும்.