ஆஜராகாதவர்கள்

குன்றடியில் குடியிருந்த முப்பத்தொரு பேரையும் யாரும் கொல்லவில்லை, அவர்களாகவே பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டார்கள் என்று கை கூசாமல் புத்தகம் எழுதியவர், தன்னைப் புளுகன் என்று சந்தையில் வைத்துச் சொன்ன குருவம்மாள் மீது மானநஷ்ட வழக்குப் போட்டிருந்தார். அவள் கூண்டில் நிமிர்ந்து நின்றாள்.

"உசுரோட இருக்காகன்னுதானே சொல்றாரு? கூப்பிடுங்கய்யா. அவுகளே வந்து சாட்சி சொல்லட்டும்" என்று முப்பத்தொரு பெயர்களையும் மூச்சு விடாமல் சொன்னாள். நீதிபதி எழுதிக்கொண்டு, சீட்டை டவாலியிடம் நீட்டினார்.

டவாலி வாசலில் போய் நின்று, கோர்ட்டு வழக்கப்படி ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூவினார். மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள். பத்தாவது பெயருக்கு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். பதினெட்டாவது பெயரை டவாலி கூவி முடித்ததும், புத்தகக்காரரின் வக்கீல் பொறுக்கமாட்டாமல் எழுந்தார்.

"போதும்ங்கய்யா. தொண்டை கிழியக் கத்தினாலும் அவங்க யாரும் வரப்போறதில்லை."

"அதை எழுதிக்கிடுங்கய்யா" என்றாள் குருவம்மாள்.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் பதிமூணு பேரு இருக்கு. அடுத்தது எம் மக. நல்லாச் சத்தமாக் கூப்பிடுங்கண்ணே."