அரஃபாத்தில் தூக்காத கைகள்

ஹஜ் பயணிகள் திரண்டிருக்கும் அரஃபாத் வெளியில் மாலை வெயில் இன்னும் சுடுகிறது. சுற்றிலும் கைகள் துஆ கேட்டு வானத்தைப் பார்த்து உயர்ந்திருக்கின்றன. ரிஃபாத்தின் கைகள் மட்டும் விலாவோடு ஒட்டிக் கிடக்கின்றன. கக்கத்து முடியெல்லாம் மெழுகை உருட்டி ஒட்டியதுபோல் மஞ்சள் மணிகள். வேர்வையும் மஞ்சளாகவே வழிந்து, ஹஜ்ஜுக்காக உடுத்திய இஹ்ராமின் வெள்ளைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை படிந்திருக்கிறது. காலையில் முகாம் டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பயப்படாதீங்க, முடியில கிருமி ஒட்டியிருக்கு. மழிச்சுட்டு இந்தக் களிம்பைத் தடவுங்க, போயிடும்." இஹ்ராம் கட்டிய நோன்பில் இருப்பவன் ஒரு முடியைக்கூடக் களையக் கூடாது, விலக்குக் கேட்க இது உயிர் போகிற நோயா என்ன? நாளை குர்பானி ஆட்டை அறுத்து முடியும்வரை சவரக்கத்தி பைக்குள்தான். பக்கத்தில் நிற்கும் கூடாரத்துத் தோழர் ஷஹாத்தா முழங்கையால் இடிக்கிறார். "என்ன ஹாஜி, கக்கத்துல கோழிய ஒளிச்சு வச்சிருக்கியா? பாவம், அது மூச்சு விடட்டும்." யாரோ சிரிக்கிறார்கள். பின்னால் பெண்கள் பக்கமிருந்து மனைவி சனிய்யாவின் குரல் உடைந்து வருகிறது. "ஏங்க, பொழுது சாயுது. ஹானிக்காகக் கேளுங்க." இத்தாலிக்குப் படகேறிய மகனிடமிருந்து ரமலானுக்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. சூரியன் மறைந்தால், கேட்ட துஆ பலிக்கும் இந்த நாள் போய்விடும்; இன்னொரு முறை வர இந்த உடம்பில் தெம்பில்லை. ரிஃபாத் கண்ணை இறுக மூடிக்கொண்டு கைகளைத் தூக்குகிறார். வாடை குப்பென்று கிளம்புகிறது. ஷஹாத்தா மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிறார். கிடைத்த இடத்தில் ரிஃபாத்தின் கைகள் இன்னும் அகலமாக விரிகின்றன.