தலைவரின் ஈரல்

"உங்க ஈரல்ல ஒரு தழும்புகூட இல்ல" என்றேன்.

பாதூரி நாற்காலியில் சரிந்தார். "என் குடியைக் கெடுத்தீங்களே, டாக்டரம்மா!"

இருபத்தெட்டு வருடமாக அவர்தான் எங்கள் பள்ளத்தாக்கின் விருந்துத் தலைவர். கல்யாணமோ கருமாதியோ, அவர் எழுந்து வாழ்த்துச் சொல்லி, மாட்டுக்கொம்பு நிறைய ஒயினை ஒரே மூச்சில் குடித்து, காலிக் கொம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் வாய் வைக்கலாம்.

போன மாதம் அந்தப் பதவிமேல் கண் வைத்திருந்த ஒதாரி விருந்துச் சபையிலேயே கேட்டுவிட்டான், இந்த ஆள் நிஜமாகவே குடிக்கிறாரா என்று.

அதற்குத்தான் இந்தப் பரிசோதனை. குடித்த தழும்பு இருந்தால் தலைவர் பதவி நிலைக்கும். இல்லையென்றால் அது ஒதாரிக்கு. தீர்ப்பைக் கேட்க ஊரார் வெளியே வேனில் உட்கார்ந்திருந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில்தான் நான் ஈரல் மருத்துவம் பார்க்கிறேன்.

ஈரலுக்குள் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று எங்கள் எம்.ஆர்.ஐ. பார்க்கும். தழும்பேறிய ஈரலில் அது முடங்கிக் கிடக்கும். பாதூரியின் ஈரலிலோ திருவிழாவுக்கு வந்த பிள்ளைபோல ஓடித் திரிந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். ஒயின் அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம். வாயை இறுக மூடிக்கொண்டு அண்ணாந்து நிற்பாராம். உட்காரும்போது மேஜைக்கடியில் தயாராக இருக்கும் காலிக் கொம்பை மாற்றி எடுத்து, அதைத்தான் கவிழ்த்துக் காட்டுவாராம்.

"அப்ப நிறைஞ்ச கொம்பு?"

"அதை மாக்வாலா அடுக்களைக்குக் கொண்டுபோயிருவா. நமக்கென்ன?"

மாக்வாலா அவர் மனைவி. வந்தது வந்தோம், நீயும் ஒரு தடவை படுத்து எழுந்திரு என்று அவர்தான் அவளையும் இயந்திரத்துக்குள் அனுப்பியிருந்தார்.

பக்கத்துத் திரையில் அடுத்த படம் வந்தது. நான் கோப்பில் பெயரை மறுபடி சரிபார்த்தேன். பாதூரி எட்டிப் பார்த்தார். அசையாத தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவருக்கு ஏற்கெனவே காட்டியிருந்தேன்.

"ஆகா, இதுல்ல ஈரல்! இது மட்டும் என்கிட்ட இருந்தா எந்தப் பய என்னை அசைப்பான்? யாரு அந்த மகராசன்?"

ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டே மாக்வாலா அறைக்குள் வந்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"செத்தவங்க பேரைச் சொல்லித் தூக்கின கொம்பை எப்படிங்க கீழ கொட்டுறது?" என்றாள். "இதை அவர் பேருலேயே எழுதிக் குடுத்திருங்க."