கொத்து விழாத பாட்டு

ஆற்றோரக் காட்டில் ஒரு தவளையும் மரங்கொத்தியும் கழுதையும் தாங்களே பாட்டுக் கட்டிக் கச்சேரி நடத்தி வந்தன. தவளை பாடும். கழுதை கிதாரை அலறவிடும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் மரங்கொத்தி பட்டமரத்தில் ‘டொக்’ என்று ஒரு கொத்து வைக்கும். அதைக் கேட்டதும் காடே விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒருநாள் காலையில் தவளையின் மனைவியைப் பாம்பு விழுங்கிவிட்டது. மாலைக் கச்சேரிக்குத் தவளை அவளைப் பற்றியே ஒரு பாட்டுக் கட்டியது.

“தம்பி, இன்னிக்கு மட்டும் கொத்தாதே. அவளுக்காக ஒருத்தராவது அழணும்” என்று மரங்கொத்தியிடம் கெஞ்சியது.

“சத்தியமாக் கொத்த மாட்டேன் அண்ணே” என்ற மரங்கொத்தி சொன்னபடியே நடந்துகொண்டது.

தவளை முதல் அடியைத் தழுதழுத்துப் பாடி நிறுத்தியது. கொத்துச் சத்தத்துக்காகக் காடு காத்திருந்தது. அது வராமல் போகவே, இதுதான் புது வேடிக்கை என்று நினைத்து, என்றைக்கும் இல்லாதபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகத் தவளை பார்த்து மனதில் வைத்துக்கொண்டது. முன்வரிசையில் பாம்பும் உண்ட வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

“பிச்சு உதறிட்டீங்க அண்ணே! நாளைக்கும் இதையே வெச்சுக்கலாம்” என்றது கழுதை.

பதில் சொல்லத் தவளை வாயைத் திறந்தது. சத்தமே வரவில்லை. அதற்கும் கைதட்டல் எழுந்தது.