வேனுக்குக் கரண்ட்

டாக்டர் லூர்துராணி காதைத் தகரத்தில் வைத்தாள். காலை பத்து மணிக்கே வேனின் பக்கவாட்டுத் தகடு கொதித்தது. அவள் காதை எடுக்கவில்லை.

"பேசுங்க பவுனக்கா!"

உள்ளேயிருந்து ஆயா பவுனம்மாளின் குரல் கணீரென்று வந்தது. "என்னத்தைப் பேச? மன்னார்புரத்துல டீ குடிச்சு ஒரு மணி நேரம் ஆச்சு. ஃபாதர் இன்னொண்ணு வாங்கித் தர மாட்டாரான்னு பேசவா?"

முற்றத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பானட்டைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் மருதை பவுனம்மாளின் புருஷன். "வீட்டுலயும் இதே கச்சேரிதான் சாமி, வாயே மூடாது" என்றான்.

"இப்ப மெதுவா, ரகசியம் சொல்ற மாதிரி."

"ரகசியமா... இந்த சோலார்காரர் சட்டையில பொத்தானை மாத்திப் போட்டிருக்காரு."

மெட்ராஸிலிருந்து வந்திருந்த சோலார்காரர் சட்டென்று குனிந்து பார்த்துக்கொண்டார். ஆனாலும் முகத்தில் பெருமை குறையவில்லை.

"பாத்தீங்களா மேடம்? உள்ள ஃபேன் ஓடுது, லைட் எரியுது, தடுப்பூசிப் பெட்டி ஜில்லுனு இருக்கு. ஒரு சத்தம் உண்டா?"

"இல்ல" என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

எட்டு மாதமாக இந்த வேன் கரண்ட் இல்லாத ஊர்களுக்கு டாக்டரையும் ஆயாவையும் ஏற்றிக்கொண்டு போய்வருகிறது. பெண்களுக்கான வேன். இப்போது ஏதோ ஒரு வெளிநாட்டுச் சங்கம் கூரை நிறைய சோலார் தகடு இலவசமாகத் தருகிறேன் என்று சோதனைக்கு மாட்டியும் விட்டிருக்கிறது. வேனை நடத்தும் ஃபாதர் சவரிநாதன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

"இருங்க ஃபாதர். அதையும் போட்டுப் பாத்துருவோம்."

அது என்பது வேனின் பின்னால் இருந்த மண்ணெண்ணெய் ஜெனரேட்டர். சமயபுரம் திருவிழாவுக்கு வாடகைக்கு விடும் தங்கையன், டாக்டர் சொன்னாரே என்று ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். "சோலாருக்குப் பக்கத்துல இதை வைக்க எனக்கே கூச்சமா இருக்கு டாக்டரம்மா" என்று முனகிக்கொண்டே கயிற்றை இழுத்தார்.

நாலாவது இழுப்பில் பிடித்தது. முற்றத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன.

லூர்துராணி மறுபடியும் காதை வைத்தாள். இடது காதை வைத்தாள், வலது காதை வைத்தாள். ஜன்னலுக்குக் கீழே நின்று பார்த்தாள். பவுனம்மாள் உள்ளே பேசுகிறாளா, தூங்குகிறாளா, ஒன்றும் தெரியவில்லை.

"இதுதான் வேணும்!" என்று கத்தினாள்.

தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று ஃபாதர் நினைத்தார். கேட்டிருந்தது.

"ஓசில வர்றதை வேண்டாங்குற முதல் ஆளு நீதாம்மா! படிச்ச பொண்ணு கேக்குற பொருளா இது?"

அவள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆளே அவள்தான். படிச்ச பொண்ணு என்று யார் ஆரம்பித்தாலும் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். ஃபாதரின் கையைப் பிடித்து வேப்பமரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள்.

"படிச்சதாலதான் கேக்குறேன். போன மாசம் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வந்தா. இனிமே பிள்ளை வேண்டாம், காப்பர் டி வச்சு விடுங்கன்னு மெதுவாத்தான் சொன்னா. அவ மாமியா வெளிய நின்னா, இப்ப நான் நின்னேனே, அதே மாதிரி. சாயங்காலம் அந்தப் பொண்ணோட அடிபட்ட முதுகுக்கு மருந்து போட்டது நான். அதுலேருந்து அந்த ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் தலைவலி மட்டும்தான் ஃபாதர். வேற வியாதியே கிடையாது."

"கூட வர்றவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லலாமே?"

"சொன்னா, தள்ளி நிக்க மாட்டாங்க. அவளையும் இழுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க."

ஃபாதர் பேனாவை மூடினார். திறந்தார். "இலவசமா வந்த கூரையைத் திருப்பி அனுப்புனா, எனக்கு மேல இருக்குறவங்களுக்கு நான் என்னன்னு எழுதுவேன்?"

"டாக்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஆமாம் என்று சொல்லவில்லை. "முதல்ல அந்தச் சனியனை அணைக்கச் சொல்லு. காது போகுது. உள்ள ஒருத்தியை உக்கார வச்சுட்டு வந்துட்டோமே."

லூர்துராணி பவுனம்மாளை இறங்கச் சொல்லலாம் என்று போய் வேன் கதவைத் திறந்தாள்.

பவுனம்மாள் நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே டாக்டரின் நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் காலி நாற்காலியிடம் பேசிக்கொண்டிருந்தாள். கிண்டலும் சிரிப்பும் முகத்தில் இல்லை. உதடு அசைந்தது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

டாக்டரைப் பார்த்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. எட்டி லூர்துராணியின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

பின்பக்கமிருந்து தங்கையன் கத்தினார். "அணைச்சிரட்டுமா டாக்டரம்மா?"

"தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன்!"

லூர்துராணி ஏறிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தன் நாற்காலியில் உட்கார்ந்து, பவுனம்மாளை ஸ்டூலோடு பக்கத்தில் இழுத்து, அவள் வாய்க்கு நேராகக் காதை வைத்தாள்.

வெளியே மருதை துடைக்கும் துணியைக் கீழே போட்டுவிட்டு வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். என்னவோ கேட்டான்.

யாருக்கும் கேட்கவில்லை.